பழைய டீசல் கப்பின் காற்று வழியை மாற்றிய பின் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

யாழ்ப்பாணத்தில் முப்பது ஆண்டுகளைக் கடந்த டபிள் கப் (இரட்டைக் கபின் பிக்கப்) வாகனங்கள் இன்றும் தோட்டத்துக்கும் சந்தைக்கும் கடற்கரைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் கட்டுறுதி அதற்கு ஒரு காரணம். 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் விலைகள் ஏறிய ஏற்றம் மற்றொரு காரணம். புதியது வாங்க வழியில்லாதவர் கையில் இருப்பதையே திருத்தியும் மாற்றியும் ஓட்டுகிறார். அவ்வாறு செய்யப்படும் மாற்றங்களுள் செலவு குறைந்தது காற்று வழியை மாற்றுவதாகும். எயார் கிளீனர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு வடிவப் பில்டர் பூட்டுவது, பிவிசி குழாயாலோ இரும்புக் குழாயாலோ ஸ்நோர்க்கல் செய்து கூரை மட்டத்துக்கு உயர்த்துவது, வேறொரு வாகனத்தின் பெரிய பெட்டியைக் கொண்டுவந்து பொருத்துவது ஆகிய மூன்றையுமே இங்கு அதிகம் காண்கிறோம். ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் இந்த வேலையைச் செய்துவிட்டு, அதன் விளைவுகளோடு மாதக்கணக்கில் கராஜ் கராஜாக அலைபவர்களை முன்வைத்தே இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் ரொயோட்டா ஹைலக்ஸ் எல்.என். 106 போன்ற, 2779 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள 3எல் எஞ்சின் பூட்டிய, ரேர்போ (காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத பழைய டீசல் வாகனங்களுக்குப் பொருந்தும். ரேர்போ உள்ளவற்றுக்குரிய வேறுபாடுகளை அந்தந்த இடத்தில் குறிப்பிடுகிறேன்.

அறிகுறிகளுக்குப் போகுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பெற்றோல் எஞ்சினில் அக்சிலறேற்றரை மிதிக்கும்போது திறப்பது காற்றின் கதவு. பழைய டீசல் எஞ்சினிலோ அக்சிலறேற்றர் டீசல் பம்புடன் மட்டுமே பேசுகிறது. எவ்வளவு டீசல் தெளிக்க வேண்டும் என்பதே அங்கு மாறுகிறது, காற்று எப்போதும் சிலிண்டர் கொள்ளும் அளவுக்கு உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. சில எஞ்சின்களில், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மனிபோல்டின் வாயில் ஒரு தகட்டுக் கதவு இருப்பதுண்டு. அது வெறும் ஓட்டத்தில் (அக்சிலறேற்றரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) அதிர்வைக் குறைப்பதற்கும் எஞ்சினை அதிராமல் நிறுத்துவதற்குமே பயன்படுகிறது. ஆகவே பம்ப் அளந்து கொடுக்கும் டீசல் எரிவதற்குப் போதுமான காற்று ஏற்கனவே கிடைத்துக்கொண்டிருந்தால், அதற்கு மேல் கொடுக்கும் காற்று சூடாகிச் சைலன்சர் வழியே வெளியேறுமே தவிர வலுவாக மாறாது. குழாயை அகலமாக்கியதும் வாகனம் பறக்கிறது என்று சொல்பவருக்குக் கூடியிருப்பது பெரும்பாலும் சத்தம்தான். அல்லது அவருடைய பழைய பில்டர் அதுவரை முழுவதுமாக அடைத்துக்கிடந்திருக்க வேண்டும்.

இதிலிருந்து பிறக்கும் இரண்டாவது உண்மை முதலாவதைவிட முக்கியமானது. காற்றை அளந்து டீசல் கொடுக்காத எஞ்சினுக்கு, பில்டருக்குப் பின்னால் ஒரு துளை விழுந்து அதன் வழியே வடிகட்டாத காற்று புகுந்தாலும் எதுவும் தெரிவதில்லை. ஓட்டம் தடுமாறாது, புகை மாறாது, சில வேளை இன்னும் இலகுவாக மூச்சு விடுவதுபோலவும் தோன்றும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் பழைய ஒஸ்டின் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. கார்பரேற்றரில் காற்றும் எரிபொருளும் ஒத்துப்போகாததைக் காதால் கேட்டே சரி செய்த கைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. அந்தக் காதை டீசல் எஞ்சினின் காற்று வழியில் நம்பிவிடக் கூடாது. பெற்றோல் எஞ்சின் முறையிடும். டீசல் எஞ்சின் வாய் திறவாமல் தேய்ந்துகொண்டிருக்கும். அதனால் முறைப்பாடு எதுவும் இல்லாத நிலையையே முதல் அறிகுறியாக வைக்கிறேன்.

ஓட்டத்தில் குறை எதுவும் இல்லை. ஆனால் பில்டருக்குப் பின்னால் செம்மண் படிந்திருக்கிறது

காற்று வழியை மாற்றிய எந்த வாகனத்திலும், அது எவ்வளவு நன்றாக ஓடினாலும், இதை முதலில் பார்க்க வேண்டும். பில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ஹோஸைக் கழற்றி, உட்சுவரை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் இலேசான ஒயில் ஈரம் மட்டும் வந்தால் அது, எஞ்சினின் அடியிலுள்ள கிராங்க் அறையின் ஆவியைக் காற்றுக் குழாய்க்குள் விடும் பிறீதர் ஹோஸ் வழியே வந்ததாக இருக்கும். சிவப்பாகவோ மங்கலான பழுப்பாகவோ வந்து, இரண்டு விரல்களுக்கிடையில் தேய்க்கும்போது நறநறவென்றால் அது மண். வலிகாமத்துச் செம்மண் மாவுபோல நுண்ணியது. வடமராட்சி கிழக்கின் மணற்காட்டுப் பக்கம் போய் வரும் வாகனங்களில் வெண்மணலே கிடைக்கும். அந்த மணலின் பெரும்பகுதியான சிலிக்கா, சிலிண்டர்ச் சுவரின் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. ஒயிலுடன் கலந்து பிஸ்ரன் ரிங்குகளுக்கும் சுவருக்கும் நடுவே நின்று அது அரைக்கும். பல மாதங்கள் கழித்துக் காலையில் ஸ்ராட் ஆகத் தாமதிப்பதும், நீல நிறப் புகை வருவதும், ஒயில் அளவு இறங்குவதும் தொடங்கும்போது, இதற்கும் போன ஆண்டு பூட்டிய கூம்புப் பில்டருக்கும் தொடர்பிருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

மண் இருப்பது உறுதியானால், அது எங்கிருந்து வந்தது என்பதைத் தேட வேண்டும். முதலில் பில்டரையே எடுங்கள். இருட்டறையில் அதன் உள்ளே ஒரு பல்பை விட்டுச் சுற்றிலும் பாருங்கள். தாளின் மடிப்புகளில் ஊசித்துளைபோல ஒளி தெரிந்தால் அதைக் குப்பையில் போட்டுவிட வேண்டியதுதான். கொம்பிரசரின் முழு அழுத்தத்தில் காற்றடித்துச் சுத்தம் செய்யும் பழக்கமே இத்தகைய துளைகளை அதிகம் உண்டாக்குகிறது. அடித்தே ஆக வேண்டுமென்றால் அழுத்தத்தை 30 பீ.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்து, உள்ளிருந்து வெளியாக, சற்றுத் தள்ளி நின்று அடிக்க வேண்டும். தாள் பில்டரைக் கழுவுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒயில் தடவிய பருத்தித் துணிப் பில்டர்கள் காற்றை இலகுவாக விடுகின்றன என்பது உண்மைதான். ஆனால் நுண்ணிய தூசியைப் பிடிப்பதில் நல்ல தாள் பில்டருக்கு அவை ஈடாவதில்லை. கார்ப்பெற் வீதியில் மட்டும் ஓடும் வாகனத்துக்கு அது பொருட்டல்ல. தோட்டப் பாதையில் உழவு இயந்திரத்தின் பின்னால் புழுதிக்குள் ஓடும் வாகனத்துக்கு நான் அதை ஒருபோதும் பூட்டமாட்டேன்.

பில்டர் நன்றாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது அது உட்காரும் இடம். வேறு வாகனத்தின் பெட்டியைப் பொருத்தியவர்கள், அதற்கு அருகான அளவிலுள்ள ஏதோ ஒரு பில்டரைப் போட்டு மூடிவிடுவதுண்டு. இரண்டு மில்லிமீற்றர் உயரம் குறைந்த பில்டரின் விளிம்பு மூடியால் அழுத்தப்படுவதில்லை; காற்று அதைச் சுற்றிக்கொண்டே போய்விடும். விளிம்பின் றப்பரில் மூடி அழுத்திய தடம் சுற்று முழுவதும் ஒரே சீராகப் பதிந்திருக்க வேண்டும். தடம் விட்டுவிட்டுத் தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது. கூம்புப் பில்டர்களில் இந்த ஆபத்து கழுத்தில் இருக்கிறது: வட்டமாக இல்லாத குழாயின் மேல் ஹோஸ் கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் ஓரிடத்தில் இடைவெளி மிஞ்சும்.

அதன் பின்னர் ஹோஸ். நெளிவு வைத்த பழைய றப்பர் ஹோஸ்கள் நெளிவின் பள்ளத்தில், அதுவும் கீழ்ப்பக்கத்தில்தான் வெடிக்கின்றன. வளைத்துப் பிடித்தால் மட்டுமே வெடிப்பு வாய் திறக்கும். இரும்புக் குழாயை வெல்டிங் செய்து போட்டிருந்தால், ஒட்டு வரிசை முழுவதையும் சந்தேகிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஒருபுறமிருக்க, உட்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும் வெல்டிங் கசடு அதிர்வில் பெயர்ந்து நேராக வால்வுக்குள் போவது, புழுதி போவதைவிடக் கொடியது. அத்தகைய குழாயை உள்ளே கம்பித் தூரிகையால் சுரண்டிக் கழுவாமல் பூட்டவே கூடாது. சிலிக்கன் பசையைக் கண்ட இடமெல்லாம் அப்புவதும் இதே காரணத்தால் தவறு. உள்ளே பிதுங்கிய பசை காய்ந்து துண்டாகிப் பயணம் புறப்படும்.

கண்ணால் காணாத கசிவைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. முதலில் பிறீதர் ஹோஸைக் காற்றுக் குழாயிலிருந்து கழற்றி, குழாயில் அது பொருந்தும் முனையைத் தக்கை வைத்து அடைத்துவிடுங்கள். பிறீதர் ஹோஸ் திறந்தே இருக்கட்டும். இதைச் செய்யாவிட்டால் கிராங்க் அறை வழியாகவும் காற்று இழுபட்டுச் சோதனை பொய்யாகிவிடும். பின்னர் எஞ்சினை வெறும் ஓட்டத்தில் விட்டு, பழைய ரியூப் றப்பர் ஒட்டிய தட்டையான பலகையொன்றால் காற்று புகும் வாயை முழுவதும் மூடுங்கள். கையாலோ துணியாலோ மூட வேண்டாம். துணி உள்ளே போய்விடும், கைக்கும் பாதுகாப்பில்லை. வழி இறுக்கமாக இருந்தால் எஞ்சின் சில விநாடிகளில் திணறி நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டேயிருந்தால் வேறெங்கோ காற்று கிடைக்கிறது என்று பொருள். அந்நேரத்தில் ஹோஸ் சப்பையாகிறதா என்பதையும் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். அது பின்னர் உதவும். கசியும் இடத்தைக் குறிப்பாகக் காண, காற்று அசையாத மாலை வேளையில், வாயைப் பலகையால் முக்காற்பங்கு மறைத்துவிட்டு, எரியும் ஊதுபத்தியை ஒவ்வொரு பொருத்துக்கும் அருகே மெல்லக் கொண்டுபோங்கள். புகை எங்கு வளைந்து உள்ளே போகிறதோ அங்குதான் கசிவு. டீசல் ஒழுகும் எஞ்சினுக்கு அருகில் இதைச் செய்யக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

அடைத்த பின்னர் அடைபட்டதா என்று அறிய, பில்டருக்குப் பின்னாலுள்ள குழாயின் உட்சுவரில் மெல்லிய வளையமாகக் கிறீஸ் தடவி, வழக்கமான புழுதிப் பாதையில் சில நாட்கள் ஓடிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். கிறீஸ் வழுவழுப்பாக இருந்தால் வேலை முடிந்தது.

மாற்றத்துக்குப் பின் கறுப்புப் புகை கூடியிருக்கிறது

கறுப்புப் புகை என்பது உள்ளே போன டீசலுக்குக் காற்று போதவில்லை என்பதன் அடையாளம். காற்று வழியை மாற்றிய அன்றே இது வந்தால், மாற்றியவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, டீசலைக் கூட்டும் பம்பின் ஸ்குரூவையும் திருகினாரா என்பதுதான். பலர் இரண்டையும் ஒன்றாகவே செய்துவிட்டு, கிடைத்த வலுவைப் பில்டரின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். டீசலைக் கூட்டியதால் வலுவும் கூடும், புகையும் கூடும், எரிந்து வெளியேறும் வாயுவின் வெப்பமும் கூடும். பாரம் ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் மிதித்து ஓடும்போது பிஸ்ரனின் தலை அதற்கு விலை கொடுக்கும். வருமான அனுமதிப் பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் எஞ்சினைப் பாரமின்றி உச்சச் சுழற்சிவரை விரட்டித்தான் புகையின் அடர்த்தியை அளக்கிறார்கள். திருகிய பம்ப் பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

பம்பில் யாரும் கை வைக்கவில்லை என்றால் காற்று வழியில் அடைப்பைத் தேடுங்கள். எடுத்துவிட மறந்த பொலித்தீன் உறையும், துணித் துண்டும், ஸ்நோர்க்கல் தலைக்குள் கூடு கட்டிய குளவியும் நான் கண்ட காரணங்கள். அவை இல்லையென்றால் கீழே வரும் நீர்மட்டச் சோதனையைச் செய்ய வேண்டும்.

வெயிலில் மெதுவாக ஓடும்போது வாகனம் சோர்கிறது, வேகமெடுத்ததும் தேறிவிடுகிறது

இது கூம்புப் பில்டரைப் பொனற்றுக்குள் திறந்தபடி பூட்டியவர்களின் முறைப்பாடு. பெரும்பாலான பழைய கப்களில் தொழிற்சாலை கொடுத்த பெட்டி, மட்காட்டின் உட்புறத்திலிருந்தோ றேடியேற்றருக்கு முன்னாலிருந்தோ வெளிக்காற்றை எடுக்கிறது. அதைத் தூக்கி எறிந்துவிட்டால் றேடியேற்றரைத் தாண்டி வந்த வெந்த காற்றையே எஞ்சின் சுவாசிக்கிறது. கணக்கு எளியது: 30 பாகை செல்சியசிலுள்ள காற்று 60 பாகையாகும்போது அதன் அடர்த்தி நூற்றுக்கு ஒன்பது பங்கு குறைகிறது. அதாவது ஒவ்வொரு மூச்சிலும் ஒட்சிசன் அவ்வளவு குறைந்துவிடும், டீசலோ அதே அளவில் வந்துகொண்டிருக்கும். சித்திரை வெயிலில் ஆஸ்பத்திரி வீதி நெரிசலில் ஊர்ந்துவிட்டுப் புறப்படும்போது சோர்வும் புகையும் சேர்ந்து வருவதும், வல்லை வெளியில் காற்றடித்ததும் அது மறைந்துவிடுவதும் இதனால்தான்.

சமையலறை வெப்பமானியாலோ பல்பொருள் மீற்றரின் வெப்ப முனையாலோ பில்டருக்கு அருகில் அளந்து பாருங்கள். வெளிவெப்பத்தைவிட 10 பாகைக்கு மேல் வேறுபாடு இருந்தால் பில்டரைச் சுற்றித் தகட்டு மறைப்பு வேண்டும். அந்த மறைப்புக்குள் வெளிக்காற்று வர ஒரு குழாயும் வேண்டும். மறைப்பு மட்டும் வைத்து வாசல் வைக்காவிட்டால் அது அடுப்பு மூடியாகிவிடும். இவ்வளவும் செய்து முடித்த பின் கழற்றி வைத்த பழைய பெட்டியை ஒருமுறை எடுத்துப் பார்த்தால், அதுவும் இதுதான் என்பது புலப்படும்.

குறைந்த வேகத்தில் சரி. சுழற்சி கூடும்போது மட்டும் மூச்சடைக்கிறது

இது மேலே சொன்னதன் எதிர்மறை. இங்கே குற்றவாளி குழாயின் அளவு, அல்லது சப்பையாகும் ஹோஸ். 2779 கன சென்ரிமீற்றர் எஞ்சின் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை நிரம்புகிறது. நிமிடத்துக்கு 4000 சுழற்சியில், நிரம்பும் திறனை நூற்றுக்கு 85 என்று கொண்டால், அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 4700 லீற்றர் காற்றை இழுக்கிறது. உள் விட்டம் 70 மில்லிமீற்றரான குழாயில் அந்தக் காற்று விநாடிக்கு 20 மீற்றர் வேகத்தில் ஓடும். 50 மில்லிமீற்றர் குழாயில் 40 மீற்றர். வேகம் இரட்டிப்பானால் தடை நான்கு மடங்காகும். கடையில் 63 என்று கேட்டு வாங்கும் பிவிசி குழாயின் அளவு வெளி விட்டம் என்பதையும், உள்ளளவு அதைவிடக் குறைவு என்பதையும் மறந்துவிடக் கூடாது. கிணற்று வேலைக்கு வாங்கி மிஞ்சிய குழாயும் இரண்டு எல்போவும் ஸ்நோர்க்கலுக்குப் போதும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். கூர்மையாகத் திரும்பும் ஓர் எல்போ, பல அடி நீள நேர்க்குழாயின் தடையைத் தரும். இன்னொன்று, பிவிசி சுமார் 75, 80 பாகை வெப்பத்தில் இளகத் தொடங்கும். எக்ஸோஸ்ற் மனிபோல்டுக்கு அருகில் போனால் அது தொய்ந்து தன்னைத்தானே நெரித்துக்கொள்ளும்.

தடையை ஊகிக்கத் தேவையில்லை, அளக்கலாம். மேசன்மார் நீர்மட்டம் பார்க்கும் கண்ணாடிபோன்ற குழாயில் மூன்று மீற்றர் எடுத்து, ஒரு பலகையில் ‘ப’ வடிவத்தில் இரு கைகளும் நிமிர்ந்து நிற்கக் கட்டி, பாதியளவுக்கு மஞ்சள் கரைத்த நீரை விடுங்கள். ஒரு முனை திறந்திருக்கட்டும். மறு முனையைப் பில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் குழாயில் இட்ட சிறு துளையில் இறுக்கமாகப் பொருத்துங்கள். எஞ்சினை மெல்ல உச்சச் சுழற்சிக்குக் கொண்டுபோய், இரு பக்க நீரின் உயர வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ரேர்போ இல்லாத டீசல் எஞ்சின் பாரமில்லாமலும் ஏறத்தாழ அதே அளவு காற்றை இழுப்பதால், நிறுத்தி வைத்தே இதைச் செய்யலாம் என்பது ஒரு வசதி. பொதுவாக டீசல் எஞ்சின்களில் இந்த வேறுபாடு 50 சென்ரிமீற்றரை எட்டினால் பில்டரை மாற்றச் சொல்வார்கள். புதுப் பில்டரோடு அதன் பாதிக்கும் குறைவாக வர வேண்டும். கூடுதலாக வந்தால், அதே சோதனையைப் பில்டருக்கு முன்னாலும் செய்து பாருங்கள். அங்கேயே பெரும்பகுதி தெரிந்தால் ஸ்நோர்க்கலும் எல்போவும்தான் காரணம்; அங்கு சிறிதாகவும் பின்னால் பெரிதாகவும் இருந்தால் பில்டர். வேலை முடிந்ததும் துளையை மறக்காமல் அடையுங்கள். முதல் அறிகுறியை நீங்களே உண்டாக்கியவராகிவிடக் கூடாது.

சப்பையாகும் ஹோஸைப் பலகைச் சோதனையிலேயே கண்டிருப்பீர்கள். உள்ளே கம்பிச் சுருளோ துணிப் படையோ இல்லாத மென்மையான ஹோஸ், சூடானதும் இன்னும் தளரும். அதை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

உறுமலும் விசிலும்

உறுமல் கோளாறு அன்று. பழைய பெட்டியோடு சேர்ந்திருந்த ஒலியடக்கும் அறையை எடுத்துவிட்டதால் வருவது அது. பொறுத்துக்கொள்ளலாம், அல்லது பெட்டியைத் திரும்பப் பூட்டலாம். விசில் வேறு. சுழற்சியோடு ஏறி இறங்கும் விசில் ஒரு சிறிய இடைவெளியின் குரல். ஊதுபத்தியை எடுத்துக்கொண்டு முதல் பிரிவுக்குத் திரும்புங்கள்.

காற்றுக் குழாயில் ஒயில் தேங்குகிறது

சிறிதளவு ஒயில் ஈரம் இயல்பு. கையில் வழியும் அளவுக்கு இருந்தால் இரண்டில் ஒன்று நடக்கிறது. புதிய வழி குறுகியதாக இருப்பதால் உறிஞ்சல் கூடி, பிறீதர் வழியே ஒயில் ஆவியைக் கூடுதலாக இழுக்கிறது. அல்லது ரிங்குகள் தேய்ந்து கிராங்க் அறைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது. வெறும் ஓட்டத்தில் ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து, தலைகீழாக அதே வாயில் வைத்துப் பாருங்கள். மூடி மெல்ல நடுங்கினால் பயமில்லை. துள்ளி விழுந்து, புகை குபுகுபுவென்று வந்தால் ரிங்கு வேலை காத்திருக்கிறது.

இதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. டீசல் எஞ்சின் ஒயிலிலும் ஓடும். தேங்கிய ஒயில் ஒரேயடியாக உள்ளே போனால் எஞ்சின் யாருடைய கட்டுப்பாட்டுக்கும் அடங்காமல் தானாகச் சுழற்சியை ஏற்றிக்கொண்டே போகும். திறப்பைத் திருப்பினாலும் நிற்காது, ஏனெனில் திறப்பு நிறுத்துவது பம்பின் டீசலை மட்டுமே. ஓடிக்கொண்டிருக்கும்போது இது நடந்தால், கியரை விட்டுவிடாமல், கிளட்சை மிதிக்காமல், உயர்ந்த கியரில் பிறேக்கை முழுப் பலத்தோடு அழுத்தி எஞ்சினை மூச்சடைக்கச் செய்ய வேண்டும். நிறுத்தி வைத்திருக்கும்போது நடந்தால், எஞ்சினுக்கு நேரே நிற்காமல் பக்கத்தில் நின்று, காற்று வாயைத் தடித்த பலகையால் மூட வேண்டும். ஸ்நோர்க்கலின் வாய் கைக்கெட்டும் இடத்தில் இருப்பது அந்தக் கணத்தில் பெரும் உதவி. பொனற்றுக்குள் கூம்புப் பில்டர் வைத்திருப்பவருக்கு மூடுவதற்கு ஒரு வாயே இல்லை. காற்று வழியில் கசிவு இருந்தால் பலகை வைத்தும் பயனில்லை என்பதையும் கவனியுங்கள்.

பிறீதர் ஹோஸைக் கழற்றிக் கீழே தொங்கவிடுவது பரவலான தீர்வு. வீதியில் ஒயில் சொட்டும் என்பதைவிட, வெள்ளத்தில் இறங்கும்போது அதன் வழியே கிராங்க் அறைக்குள் நீர் ஏறலாம் என்பதே எனக்குக் கவலை. நடுவே ஒயிலைப் பிரித்துச் சேகரிக்கும் சிறு கலம் பூட்டி, திரும்பக் காற்றுக் குழாயோடு இணைப்பதே முறை.

மழையில் திணறியது, அல்லது வெள்ளத்தில் திடீரென்று நின்றுவிட்டது

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை இந்தப் பிரிவை மட்டும் படித்தாலும் போதும். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது குடாநாட்டு வீதிகள் எப்படிக் கிடந்தன என்பதை அறிந்தவர்களுக்கு ஸ்நோர்க்கலின் ஆசை புரியும். ஆனால் பலர் பூட்டியிருப்பது ஸ்நோர்க்கலின் தோற்றம் மட்டுமே: கூரையில் ஒரு தலை இருக்கும், கீழே பெட்டியின் பழைய வாயோ வடிகால் துளையோ திறந்தபடி இருக்கும். நீர் தலையைத் தேடி ஏறுவதில்லை. கீழே திறந்திருக்கும் வழியாகவே வரும்.

மழையில் திணறல் மட்டும் என்றால், பில்டர் நனைந்து காற்றை மறுக்கிறது. முன்னோக்கிய தலையில் வடிகால் பிளவுகள் அடைபட்டுள்ளனவா, பெட்டியின் அடியிலுள்ள றப்பர் வால்வு இருக்கிறதா, அது ஒட்டிக்கொள்ளாமல் திறந்து மூடுகிறதா என்று பாருங்கள். பண்ணைப் பாலத்தைத் தாண்டித் தீவுப் பக்கம் நாளும் போய்வரும் வாகனங்களில் உப்புக் காற்று சாதாரண ஹோஸ் கிளிப்புகளை விரைவில் தின்றுவிடுகிறது. துருப்பிடிக்காத உருக்குக் கிளிப்புகளுக்குச் செலவழிப்பதில் தயங்க வேண்டாம்.

வெள்ளத்துக்குள் எஞ்சின் வெட்டியதுபோல நின்றிருந்தால், திறப்பைத் திரும்பத் தொடாதீர்கள். நீர் அழுத்தத்துக்கு அடங்காது. சிலிண்டருக்குள் நீர் நிற்கும்போது ஸ்ராட்டரைச் சுழற்றினால் கொனெக்டிங் றொட் வளையும். அதன் பின் எந்தப் பில்டரைப் பற்றியும் பேசிப் பயனில்லை. வாகனத்தைத் தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து, எயார் கிளீனர் பெட்டியைத் திறந்து பாருங்கள். பில்டர் எஞ்சின் பக்கமும் நனைந்திருந்தால் நீர் உள்ளே போயிருக்கிறது. ஹீற்றர் பிளக்குகள் அனைத்தையும் கழற்றி, கிராங்க் கப்பியில் ஸ்பனர் போட்டுக் கையால் சுழற்றுங்கள். பிளக் துளைகளிலிருந்து நீர் வரும். வந்து தீரும்வரை சுழற்றி, அதன் பின்னரே ஸ்ராட்டரால் சில விநாடிகள் சுழற்றிக் காயவிடுங்கள். ஒயில் பால்போல இருந்தால் ஸ்ராட் செய்யுமுன்னரே மாற்றிவிட வேண்டும். கையால் சுழற்றும்போது ஓரிடத்தில் பிடித்துக்கொண்டால் அங்கேயே நிறுத்தி, மெக்கானிக்கை அழையுங்கள்.

ரேர்போ உள்ள வாகனங்களில்

ரேர்போவுக்கு முன்னால் கசிவு இருந்தால், புகும் மணல் முதலில் தின்பது கொம்பிரசர்ச் சக்கரத்தின் விளிம்பை. குழாயைக் கழற்றிச் சக்கரத்தைப் பார்த்தாலே தெரியும். கூர்மையாக இருக்க வேண்டிய இதழ் முனைகள் மழுங்கி ஒளிரும். பின்னால் கசிவு இருந்தால் அமுக்கிய காற்று வெளியேறி வலுக் குறைவும் கறுப்புப் புகையும் சீறலும் சேர்ந்தே வரும். அதைக் காண, ரேர்போவின் வாயைப் பிவிசி மூடியால் அடைத்து, மூடியில் ஒரு ரயர் வால்வைப் பூட்டி, பிறீதர் முனையையும் அடைத்துவிட்டு, 10 பீ.எஸ்.ஐ.க்கு மேற்படாமல் காற்றடித்து, பொருத்துகளில் சவர்க்கார நீர் தெளியுங்கள். குமிழி வரும் இடம் கசியும் இடம்.

காற்றளவு சென்சர் உள்ள புதிய டீசல்களுக்கும் பெற்றோல் வாகனங்களுக்கும் மேலே சொன்ன மௌனம் பொருந்தாது. அவற்றில் கசிவு ஏற்பட்டாலோ, பருத்திப் பில்டரின் ஒயில் சென்சரின் கம்பியில் படிந்தாலோ ஓட்டம் ஏறி இறங்கும், எச்சரிக்கை விளக்கும் எரியும். சென்சருக்கென்றே விற்கும் தெளிப்பானால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். துணியால் துடைத்தால் கம்பி அறுந்துவிடும்.

அறிகுறிகள் கலந்து வரும்போது

புகையும் சோர்வும் சத்தமும் ஒன்றாக வந்து, எதைப் பற்றித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், கழற்றி வைத்த பழைய பெட்டியையும் ஹோஸையும் புதிய தாள் பில்டரோடு திரும்பப் பூட்டி, ஒரு வாரம் வழக்கமான பாதையில் ஓடுங்கள். கோளாறு மறைந்தால் மாற்றிய காற்று வழியில்தான் பிழை. மேலே உள்ளவற்றை வரிசையாகப் பார்க்கலாம். மறையாவிட்டால் காற்று வழியை விட்டுவிட்டு இன்ஜெக்டரையும் பம்பையும் வால்வு இடைவெளியையும் பாருங்கள். இதற்காகவேனும், மாற்றம் செய்யும் நாளில் பழைய பெட்டியை இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுத்துவிட வேண்டாம். அதன் கிளிப்புகளையும் காஸ்கட்டையும் சேர்த்து ஒரு உரப்பையில் கட்டி, எலி புகாத இடத்தில் வையுங்கள்.